மேகமில்லாத படமும் பதினோரு ஏரிகளும்

விமானம் ஓட்டப் பழகும் சிமுலேட்டருக்காக நான் கணினியில் செய்த தரைக்காட்சியில், அதாவது சீனரியில், நான் அழித்த ஓர் ஏரிக்குள் விமானத்தை இறக்கி, "நல்ல தேர்வு" என்று பாராட்டும் வாங்கிய அந்த மாணவியிடம், அது தவறு என்று யாராவது சொன்னார்களா? இரண்டு வருடம் ஆகப் போகிறது. எனக்கு இன்னும் தெரியாது.

இந்த மாதத்தோடு வேலையிலிருந்து நிற்கிறேன். இரண்டாவது குழந்தை வரப்போகிறது. திரும்பி வருவாயா என்று கேட்பவர்களிடம் வருவேன் என்று சொல்கிறேன். சொன்ன பிறகு, அவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்றும் நினைக்கிறேன். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று சார் கேட்டார். மென்பொருளை இயக்கும் முறைக்குப் படங்களோடு கையேடு இருக்கிறது. அது என்னைவிடத் தெளிவாகச் சொல்லும். நான் சொல்லக்கூடியது இரண்டு கோளாறுகளைப் பற்றி மட்டும். ஒன்று சின்னது. இன்னொன்று இன்னும் முடியாதது.

சின்னதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் சேர்ந்த முதல் வருடம் ஒரு சிறிய விமான நிலையத்தைச் செய்தேன். எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் ஓடுதளத்தின் ஓர் இடத்தில் விமானம் கல் தடுக்கியதுபோல் ஒரு துள்ளு துள்ளியது. மென்பொருளில்தான் கோளாறு என்று முடிவுகட்டி இரண்டு நாள் போராடினேன். அழித்து மறுபடி ஏற்றினேன். இணையத்தில் முகம் தெரியாதவர்களிடமெல்லாம் கேட்டேன். மூன்றாம் நாள் பக்கத்து மேசைக்காரர், என்னைவிட மூன்று வயது சின்னவர், நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தார்.

"அக்கா, நீங்க அதை மொறச்சிப் பாத்தா அது பயந்து சரியாயிடாது. பாதி ஃபோல்டரை அணைங்க."

"எந்தப் பாதி?"

"எந்தப் பாதியா இருந்தா இன்னா. துள்ளல் நின்னா அணைச்ச பாதியில கீது. நிக்கலன்னா மிச்சப் பாதியில கீது. அப்புறம் அந்தப் பாதியில பாதி."

ஐந்தாவது முறை அணைத்தபோது அகப்பட்டது. அதே விமான நிலையத்தின் பழைய நகல் ஒன்றை நானே எடுக்காமல் விட்டிருந்தேன். இரண்டு ஓடுதளங்கள், ஒன்றின்மேல் ஒன்று, முக்கால் அடி உயர வித்தியாசத்தில் கிடந்தன. மென்பொருளின்மேல் ஒரு குற்றமும் இல்லை. அன்றிலிருந்து எதை மாற்றினாலும் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதித்துப் பார்ப்பது எனக்குப் பழக்கமானது. அதற்காக அவருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன். ஆனால் அந்தப் பழக்கத்தோடு இன்னொரு நம்பிக்கையும் எனக்குள் வந்துவிட்டது. கோளாறு என்றால் அது துள்ளும், மினுக்கும், கறுப்பாகத் தெரியும், எப்படியாவது கண்ணில் படும் என்று நம்பினேன். அழகாகவும் அமைதியாகவும் இருக்கிற கோளாறும் உண்டு என்று அப்போது தெரியாது.

பாப்பா பிறந்து ஒரு வருடம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்தால் போதும், மற்ற நாட்கள் வீட்டிலிருந்தே செய்யலாம் என்று சார் ஏற்பாடு செய்து கொடுத்தார். அப்போது ஒன்று சொன்னார். "கைக்குழந்தைய வெச்சிக்கினு வீட்டுல வேல செஞ்சா கவனம் செதறும்னு ரெண்டு பேரு எங்கிட்ட சொன்னாங்க. நான் கேக்கலம்மா. உங்கள நம்பித்தான் குடுக்குறேன்." அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கோ அந்த இரண்டு பேர் யார் என்று யோசித்தே ஒரு வாரம் போனது.

அந்தச் சமயத்தில்தான் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியின் வேலை வந்தது. விழுப்புரம், வளவனூர், திண்டிவனம் வட்டாரம் முழுவதையும் அவர்களுடைய சிமுலேட்டருக்குச் செய்து கொடுக்க வேண்டும். மேலேயிருந்து பார்த்து வழி கண்டுபிடிக்கவும், இன்ஜின் நின்றுபோனால் எந்த இடத்தில் இறக்குவது என்று சில நொடிகளில் தீர்மானிக்கவும் மாணவர்கள் அதில் பழகுவார்கள். அதாவது, நாம் எதைத் தரை என்று காட்டுகிறோமோ அதைத் தரை என்று நம்பப் பழகுவார்கள்.

செயற்கைக்கோள் படத்தில் நம்மைப் படுத்துவது மேகம் என்று உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்கும். பல படங்களைப் பார்த்துக் கழித்தபின் மே மாதப் படம் ஒன்று அகப்பட்டது. துடைத்து வைத்ததுபோல் இருந்தது, ஒரு பொட்டு மேகம் இல்லை. சந்தோஷமாக எடுத்துக்கொண்டேன். அதன்மேல் பழைய வரைபடத்திலிருந்து வரும், ஏரி குளங்களை மட்டும் நீலமாகக் காட்டும் நீர்ப்பரப்பு அடுக்கைப் போட்டபோது பதினோரு இடங்களில் பொருந்தவில்லை. படத்தில் பழுப்பு மண், ஆடு மாடு நடந்த தடம், ஒன்றில் கிரிக்கெட் ஆடித் தேய்ந்த வெளிறிய பட்டை. அதன்மேல் நீலமாக அலையடிக்கும் தண்ணீர். பார்க்கவே அசிங்கமாக இருந்தது. வரைபடம் பழையது, படம் புதியது. புதியதை நம்பினேன். பதினோரு நீர்ப்பரப்புகளையும் அழித்தேன். பாப்பா மடியில் தூங்கிக்கொண்டிருந்ததால் ஒற்றைக் கையால் அழித்தேன் என்பதுகூட ஞாபகமிருக்கிறது.

நான் இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். கோடையில் ஏரி வற்றும் என்பது தெரியாதவள் இல்லை. வாரம் இரண்டு முறை ரயில் ஜன்னல் வழியாக ஏரிகளைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். தெரிந்த விஷயம் திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் எங்கே போனது என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். அந்த இடங்களை ஏரியாகவே நான் பார்க்கவில்லை, பொருந்தாத நிறமாகத்தான் பார்த்தேன்.

புதன்கிழமை அனுப்பினோம். சார் ஒரு சுற்று பறந்து பார்த்துவிட்டு, "கண்ணுக்குக் குளுமையா இருக்கு" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

சனிக்கிழமை மதியம் என் நாத்தனார் ரெஜினா வீட்டுக்கு வந்தாள். வளவனூர் பக்கத்து கிராமத்தில் இருக்கிறாள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள்தான், ஆனாலும் அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். ஒரு பை நிறைய அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, கொண்டுவந்திருந்தாள். நான் ஒரு கையில் பாப்பாவின் சோற்றுக் கிண்ணமும் மறு கையில் மவுஸுமாக இருந்தேன்.

"இன்னா அண்ணி, புள்ளைக்குச் சோறு ஊட்டிக்கினு இருக்கியா, ஏரோப்ளேன் ஓட்டிக்கினு இருக்கியா?"

"ரெண்டும்தான்."

"ஊட்டுறது மட்டும் எறங்க மாட்டேங்குது பாரு" என்று கிண்ணத்தை வாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "நடுவுல இஞ்சினு நின்னு பூட்டா இன்னா பண்ணுவாங்க?"

காட்டுகிறேன் என்று இன்ஜினை அணைத்தேன். கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். பரந்த பழுப்பு வெளி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மெதுவாகச் சரிந்து, மண்ணில் உருண்டு நிறுத்தினேன். ரெஜினா மல்லாட்டை உரிப்பதை நிறுத்திவிட்டு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாள்.

"இது எங்க ஏரி."

"எப்படிச் சொல்ற?"

"எப்படியா? ரெண்டு கோடை நூறு நாள் வேலைக்குப் போய் இந்தக் கரைக்குத்தான் மண்ணு செமந்தேன். இதோ வளையுது பாரு, இங்க மதகு. இந்த மரத்தடியிலதான் சோத்துத் தூக்குச்சட்டிய வெப்போம். தண்ணி எங்க அண்ணி?"

"இது வெயில்காலத்துப் படம், ரெஜினா."

"ஏன், ப்ளேன்காரங்க வெயில்காலத்துல மட்டுந்தான் ஓட்டுவாங்களா?"

அப்போது ஐப்பசி மழை முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

"இப்ப போய் நின்னு பாரு. நீ எறக்கின எடத்துல என் தலைக்கு மேல தண்ணி. அதுவும் பளிச்சுன்னு தெரியாது. காட்டாமணக்கும் கொடியும் மூடிக்கினு புல்லுத்தரை மாதிரி இருக்கும். போன வருசம் ஒரு எருமை மேய்ச்சல்னு நெனச்சு எறங்கி, நாலு பேரு கயிறு போட்டு இழுத்தோம்."

பாப்பா வாயைத் திறந்துகொண்டு அடுத்த கவளத்துக்காகக் காத்திருந்தாள்.

முதலில் நான் செய்தது என்ன தெரியுமா? பள்ளிக்கு அனுப்ப ஒரு செய்தி தட்டச்சு செய்தேன். "நிறத்தில் சிறு திருத்தம் இருக்கிறது. அடுத்த வாரம் புதிய பதிப்பு அனுப்புகிறோம்." பொய் என்று யாரும் சொல்ல முடியாது. பழுப்பை நீலமாக்குவது நிறத் திருத்தம்தான். அனுப்பினால் வேலையும் நடந்துவிடும், வீட்டிலிருந்து வேலை செய்யும் ஏற்பாடும் தப்பிக்கும், அந்த இரண்டு பேர் சொன்னதும் உண்மையாகாது.

"இன்னா எழுதின? படி" என்றாள் ரெஜினா.

படித்தேன்.

"நெறமா?" என்றாள். சிரிக்கவில்லை. "எருமை தண்ணியில மாட்டினதும் நெறத்துக் கோளாறுதானா?"

அழித்துவிட்டுச் சாரை அழைத்தேன். என்ன நடந்தது என்று வரிசையாகச் சொன்னேன். நடுவில் பாப்பா தூங்கிக்கொண்டிருந்ததைச் சொல்ல வாய்வரை வந்தது, சொல்லவில்லை. சார் சொன்னார்: "நானும்தான் பறந்து பாத்தேன். எனக்கும் தெரியல. பள்ளிக்கு நீங்களே பேசுங்கம்மா. நான் பேசினா மன்னிப்புக் கேக்கத்தான் தெரியும். நீங்க பேசினா எது எங்கன்னு சொல்ல முடியும்."

பள்ளியின் பயிற்றுநர் ஒரு பெண். அதற்கு முன் ஒரே ஒருமுறை பேசியிருக்கிறேன். கத்துவார் என்று எதிர்பார்த்து ஃபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். அவர் கேட்டது மூன்றே கேள்விகள்.

"எந்தெந்த இடம்?"

பதினோரு இடங்களையும் அனுப்புவதாகச் சொன்னேன்.

"எப்போலேர்ந்து?"

புதன்கிழமை அனுப்பிய பதிப்பிலிருந்து என்றேன்.

"சரி. இதுல உங்களுக்கே தெரியாதது என்ன?"

இந்த மூன்றாவது கேள்விக்கு நான் தயாராக இல்லை. யோசித்துவிட்டு, இந்தப் பதினொன்றில் வளவனூர் பக்கத்தில் இருப்பது ஒன்றுதான் ஏரி என்று நிச்சயமாகத் தெரியும், மற்ற பத்தும் எனக்குத் தெரியாது என்றேன். "அப்போ தெரிஞ்சுக்கிட்டு அனுப்புங்க. அதுவரைக்கும் நான் மெஷினை நிறுத்திடறேன்" என்றார். பிறகு குரல் தணிந்தது. "வியாழன், வெள்ளி ரெண்டு நாள் ஓட்டிட்டாங்க. ஒரு பொண்ணு வளவனூர் பக்கத்துல இருக்கற அந்த ஏரியிலதான் இறக்கினா. அழகா இறக்கினா. 'நல்ல தேர்வு'ன்னு நானே எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

உங்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். அந்த ஃபோனை வைத்தபோது எனக்கு அவமானத்தைவிட நன்றிதான் அதிகமாக இருந்தது. திட்டு வாங்கியிருந்தால் நான் அழுதிருப்பேன், அழுதுகொண்டே பதினோரு இடத்திலும் தண்ணீரைத் திரும்ப ஊற்றி அன்று மாலையே அனுப்பியிருப்பேன். அது எவ்வளவு தவறாகியிருக்கும் என்று மறுநாள்தான் தெரிந்தது.

ரெஜினா ஊருக்குப் போகவில்லை. வீட்டில் கிடந்த தாள் ஒன்றில் ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டாள். தன்னோடு மண் சுமந்த பெண்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் செய்தாள். அவர்கள் வழியாக அவர்கள் தங்கையைக் கட்டிக்கொடுத்த ஊர், அக்கா வேலைக்குப் போகும் ஊர் என்று விசாரணை பரவியது. நான் திரையில் ஊர்ப் பெயரைச் சொல்வேன், அவள் ஃபோனில் கேட்பாள்.

"ஆமாண்டி, ஏரோப்ளேன் எறக்கத்தான். எங்க அண்ணிக்குத்தான். சிரிக்காத, உங்க ஊரு ஏரியில இப்ப தண்ணி இருக்குதா, ஜல்தி சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசைக்குப் போய்விட்டு வந்து மறுபடி உட்கார்ந்தோம். பூசை முழுக்க நான் எண்ணிக்கொண்டிருந்தது ஏரிகளைத்தான். கிட்ட இருந்த இரண்டுக்கு ரெஜினாவே ஸ்கூட்டியில் போய்க் கரையில் நின்று வீடியோ எடுத்து அனுப்பினாள். திண்டிவனம் பக்கத்து மூன்றையும் பக்கத்து மேசைக்காரர் போய்ப் பார்த்தார். விடுமுறை நாளில் போகச் சொன்னதற்கு அவர் சொன்னது, "பரவால்லக்கா, பாதி ஏரிய அணைங்கன்னு சொல்லாம வுட்டீங்களே."

ஒன்பதாவது இடத்தில்தான் அந்த விஷயம் நடந்தது. ரெஜினாவின் தோழி ஒருத்தி சொன்னாள்: "அது ஏரி இல்ல. எங்க மாமியார் வாக்கப்பட்டு வந்தப்பவே மண்ணு மூடித் தூந்து போச்சாம். இப்ப மல்லாட்டை வெதச்சிருக்காங்க." படம் சரி, வரைபடம் தவறு. அந்த ஓர் இடத்தில் மட்டும் நான் அழித்தது சரி. மன உறுத்தலில் எல்லாவற்றையும் திரும்பப் போட்டிருந்தால், உண்மையிலேயே இறக்கக்கூடிய நல்ல வெளி ஒன்றை நானே தண்ணீராக்கி மாணவர்களிடமிருந்து மறைத்திருப்பேன். செய்ததைத் திருப்பிச் செய்துவிட்டால் திருத்தியதாகிவிடாது. இதை மட்டும் கொஞ்சம் நிச்சயமாகவே சொல்கிறேன்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக்குத் திருத்திய பதிப்பை அனுப்பினேன். பத்து ஏரிகளில் தண்ணீர் இருந்தது. அவற்றில் நான்கில், மேலே கொடி மூடிய பச்சையும் இருந்தது. அதற்கான படத்தை ரெஜினா கரையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். கூடவே ஒரு பக்கக் குறிப்பும் வைத்தேன்: இந்தப் படம் எந்த மாதத்தது, எந்த ஏரி எப்போது வற்றும், எது எனக்குத் தெரியவில்லை. நீங்கள் இப்போது ஒவ்வொரு வேலையோடும் அனுப்பும் அந்த "தெரியாதவை" பக்கம் அப்படித்தான் தொடங்கியது. அதை நிரப்பப் பேஜாராக இருக்கிறது என்று நீங்கள் பேசிக்கொள்வது என் காதில் விழுந்திருக்கிறது. பேஜார்தான். தயவுசெய்து காலியாக விடாதீர்கள்.

திங்கட்கிழமை பயிற்றுநர் மாணவர்களை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். கரையின் வளைவைப் பார், மதகைப் பார், நிறத்தை நம்பாதே என்று எங்கள் சீனரியிலேயே பாடம் நடத்தினாராம். என் ஏற்பாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த இரண்டு பேர் யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர்கள்மேல் இப்போது கோபமும் இல்லை.

ஆனால் அந்த மாணவி அன்று வகுப்பில் இல்லை. வெள்ளிக்கிழமையோடு வேறு மாநிலத்துப் பள்ளி ஒன்றுக்கு மாறிப் போய்விட்டார். "நான் சொல்லிடறேன்" என்றார் பயிற்றுநர். நான் சரி என்றேன். ஒரு வாரம் கழித்து, சொல்லிவிட்டீர்களா என்று கேட்க எண்ணை எடுத்து வைத்தேன். கேட்டால் அவரைச் சந்தேகப்படுவதுபோல் ஆகாதா என்று நினைத்து ஃபோனைக் கீழே வைத்துவிட்டேன். அடுத்த வாரமும் அப்படித்தான். பிறகு பயிற்றுநரும் வேலை மாறிப் போனார், எண்ணும் மாறிவிட்டது. கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை.

நிஜ விமானத்தில் நிஜக் கண்ணால் பார்க்கும்போது தெரிந்துவிடும், அந்த மாணவிக்கு எத்தனையோ பேர் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று என் கணவர் சொல்கிறார். அப்படித்தான் இருக்கும். ஆனாலும் மழைக்காலத்தில் ரயில் அந்த ஏரிகளைத் தாண்டும்போது, கொடி மூடிக்கிடக்கும் பச்சையைப் பார்த்ததும் எனக்கு அவர் நினைவுதான் வருகிறது. திரையில் இருந்த ஏரியை ஒரு வாரக் கடைசியில் திருத்திவிட்டேன். அவர் மனதில் நான் வைத்துவிட்ட வெட்டவெளியை எங்கே போய்த் திருத்துவது?

ரெஜினாவிடம் இதைச் சொன்னபோது, "தேடிக் கண்டுபுடிச்சுச் சொல்லு அண்ணி, இதுல யோசிக்க இன்னா இருக்குது" என்றாள். யோசிக்க எனக்கு நிறைய இருக்கிறது. முன்பின் தெரியாத ஒருவரை இணையத்தில் தேடிப்பிடித்து, இரண்டு வருடம் முன்னால் நீங்கள் இறக்கிய இடம் ஏரி என்று எழுதினால் அவர் என்ன நினைப்பார்? ஒருவேளை இதற்குள் அவர் தனியாக ஓட்டிக்கொண்டிருக்கலாம். அன்றைய பாராட்டு அவருக்குத் தைரியம் கொடுத்திருக்கலாம். அதை நான் பறிக்கலாமா? பறிக்காமல் விடலாமா?

உங்களில் ஒருவர் பயிற்சிப் பள்ளியில் கொஞ்ச நாள் படித்துவிட்டு இங்கே வந்தவர் என்று சார் சொன்னார். மற்றவர்களும் என்னைவிட இளையவர்கள், இவ்வளவு தயங்காதவர்கள். எனக்கு ஒரு யோசனை சொல்லுங்கள். பயிற்றுநர் சொல்லியிருப்பார் என்று நம்பி இத்தோடு விடுவதா, பழைய பள்ளிக்கு எழுதி அவர்கள் வழியாகக் கேட்பதா, நேராக அவரையே தேடி எழுதுவதா? எழுதுவதானால் முதல் வரி என்னவாக இருக்க வேண்டும்? ரெஜினா எண் போட்ட அந்தத் தாளை என் மேசை இழுப்பறையில் வைத்துவிட்டுப் போகிறேன். முன்பக்கத்தில் பதினோரு பெயர்கள் இருக்கின்றன. பின்பக்கம் காலியாக இருக்கிறது. தோன்றுவதை அதில் எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் வந்து எடுத்துக்கொள்கிறேன்.